பலாப்பழத்துக்குள் இருந்த விடை

முன்னொரு காலத்தில், நெல்லைவிடச் சந்தேகம் அமோகமாக விளைந்த ஒரு நாடு இருந்தது. அதன் அரசன் கீர்த்திவளவன் நல்லவன்தான். ஆனால் எதிரே நிற்பவர் தும்மினால்கூட, அது யாருக்குக் காட்டும் சைகையோ என்று யோசிப்பான். அந்த வியாதி அரண்மனை முழுக்கத் தொற்றியிருந்தது.

ஒருநாள் அண்டை நாட்டுத் தூதன் வந்து, தங்கள் நாட்டுப் பிள்ளைகள் கணக்கில் புலிகள் என்று அளந்துவிட்டுப் போனான். அரசனுக்குப் பொறுக்கவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் மூன்று மூன்று பேராக அணி சேர்ந்து கணக்குப் போட்டியில் மோதவேண்டும், வெல்லும் அணிக்கு அரசக் கல்விச்சாலையில் இடம் என்று அறிவித்தான். போட்டியை நடத்தும் பொறுப்பு விகடகவி அம்மையப்பனுக்கு வந்தது.

அமைச்சர் பிரமராயருக்கு அம்மையப்பனைக் கண்டால் ஆகாது. அவருடைய பேரன் ஓர் அணியில் இருந்தான். தளபதி மழவராயரின் மகன் இன்னோர் அணியில். பிரமராயர் எழுந்தார்.

"அரசே, கேள்வி போடுபவனுக்கு விடை தெரியும். தெரிந்தவன் வாய் திறக்கமாட்டான் என்பதற்கு யார் பிணை? விகடகவியின் வாயோ ஊரறிந்தது!"

அரசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "உண்மைதான். அம்மையப்பா, போட்டி தொடங்கும்வரை விடை யாருக்கும் தெரியக்கூடாது. உனக்கும் தெரியக்கூடாது. முடிவு வந்தபின் ஒருவரும் முணுமுணுக்கவும் கூடாது. தவறினால் நீ நாட்டை விட்டுப் போகவேண்டும்."

"உத்தரவு, அரசே" என்று வணங்கிவிட்டுக் கிளம்பினார் அம்மையப்பன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் புதிதாக ஒரு பிச்சைக்காரன். மீசையை அழகாக முறுக்கிவிட்டிருந்தான். எதிர்ப்புறம் ஒரு வளையல்காரன். கைக்கு எந்த அளவு பொருந்தும் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. ஒருவன் அமைச்சரின் ஆள், மற்றவன் தளபதியின் ஆள் என்று அம்மையப்பனுக்குப் புரிந்துவிட்டது. அவர் வாய்க்குள் ஏதாவது எண்ணை முணுமுணுத்தால் போதும், இருவரும் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். அமைச்சரின் பேரன் அதையெல்லாம் விடை என்று நம்பி மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்.

அம்மையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. எந்தக் கணக்கை யோசித்தாலும் விடையும் கூடவே வந்து நின்றது. விடை தெரியாத கணக்கைப் போட்டால் சரி பார்ப்பது யார்?

"என்னங்க, இப்படிச் சுத்திச் சுத்தி வந்தா தலைதான் சுத்தும். இந்தப் பழத்தைக் கொஞ்சம் இறக்கி வைங்க" என்றாள் மனைவி வடிவு. சந்தையிலிருந்து ஒரு பலாப்பழம் வாங்கி வந்திருந்தாள்.

"நிறையச் சுளை இருக்குமா?"

"அறுத்தாத்தானே தெரியும்! வித்தவனுக்கே தெரியாது."

அம்மையப்பன் பழத்தையே வெறித்துப் பார்த்தார். பிறகு, பல நாளைக்குப் பின், இரண்டாம் முறை சோறு கேட்டார்.

போட்டி நாளன்று சபை நடுவே ஒரு பெரிய பலாப்பழமும் தராசும் இருந்தன. ஒவ்வோர் அணிக்கும் ஒரு சின்னப் பழம், எண்ணெய் தடவிய கத்தி.

"பெரிய பழத்தில் எத்தனை சுளை? அதைத் தொடலாம், நிறுக்கலாம், அறுக்கக்கூடாது. சின்னப் பழத்தை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். உண்மைக்கு மிக அருகில் சொல்லும் அணி வென்றது" என்றார் அம்மையப்பன்.

பிரமராயரின் பேரன் மனப்பாடம் செய்த எண்கள் ஒன்றுக்கும் உதவவில்லை. 'யாரையும் நம்பாதே' என்று தாத்தா சொல்லி அனுப்பியிருந்ததால், அவனும் கூட்டாளிகளும் தனித்தனியாக எண்ணி, தனித்தனியாக மறைத்து எழுதி, கடைசியில் எந்த எண்ணைச் சொல்வது என்று சண்டை போட்டார்கள். தளபதியின் மகன் அணி அவர்களையே உளவு பார்த்து அந்தச் சண்டையை நகல் எடுத்தது.

கோயில் வீதிப் பிள்ளைகள் மூவர் மட்டும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருத்தன் அறுத்தான், ஒருத்தன் நிறுத்தான், செங்கமலம் என்ற பெண் எண்ணினாள்.

"சின்னதுல முப்பது சுளை. பெருசு எவ்வளவு கனம்டா?"

"சரியா அஞ்சு மடங்கு."

"அப்ப நூத்தைம்பது."

"பொறு செங்கமலம், பெருசுல தோல் தடியா இருக்கு, தட்டிப் பாரு. அஞ்சாறு குறைச்சுக்கோ."

"சரி. நூத்து நாப்பத்தஞ்சு."

எல்லா அணிகளும் தங்கள் எண்ணைச் சொல்லி முடித்ததும் பிரமராயர் துள்ளி எழுந்தார். "அரசே, விடை தெரியாத போட்டிக்குத் தீர்ப்பு யார் சொல்வது? இந்த விகடகவி எண்ணினால் நான் ஏற்கமாட்டேன்!"

"நான் எண்ணவில்லை. பெரிய பழத்தை அறுத்துத் தாங்களும் தளபதியாரும் எண்ணுங்கள்" என்று கைகூப்பினார் அம்மையப்பன்.

அரசன் தலையசைத்தான். இருவரும் பட்டுச் சட்டையின் கையை மடித்துவிட்டு, கையில் எண்ணெய் பூசிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒருவர் ஒரு சுளையை எடுத்தால் மற்றவர் கண் அதைத் தட்டுவரை கூடவே போயிற்று.

"அமைச்சரே, வாயைத் திறந்து காட்டும்!"

"நீர் முதலில் மடியை உதறும்!"

பால் பிசின் தளபதியின் மீசையில் ஒட்டி, அமைச்சரின் தாடியிலும் ஒட்டியது. ஒருவர் சொன்ன எண்ணை மற்றவர் நம்பாததால் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்கள். வேர்க்க விறுவிறுக்க இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "நூற்று நாற்பத்து மூன்று."

"சந்தேகம் ஏதாவது உண்டா?" என்று கேட்டான் அரசன்.

அமைச்சர் தளபதியைப் பார்த்தார். தளபதி அமைச்சரைப் பார்த்தார். தாங்களே எண்ணியதை எப்படி மறுப்பது?

"இல்லை, அரசே."

வேறெந்த அணியின் எண்ணும் இவ்வளவு அருகில் வரவில்லை, கோயில் வீதி அணி வென்றது. செங்கமலம் கூட்டாளிகளின் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

அரசன் அம்மையப்பனைக் கூர்ந்து பார்த்தான். "இந்த இருவரையும் எப்படி நம்பினாய்?"

"நம்பவேயில்லை, அரசே. அவர்கள் ஒருவரையொருவர் நம்பமாட்டார்கள் என்பதைத்தான் நம்பினேன். இவ்வளவு கண்கொட்டாத காவல் நம் கோட்டைக்கே கிடையாது."

அரசனின் உதடு துடித்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், சிம்மாசனம் ஆடும் அளவுக்கு. தன் முத்துமாலையைக் கழற்றி அம்மையப்பன் கழுத்தில் போட்டான். பிள்ளைகள் மூவரையும் பக்கத்தில் அழைத்து, கல்விச்சாலைக்கு நாளையே வரச் சொன்னான்.

"தட்டுல இருக்கிற சுளையெல்லாம் என்ன செய்யிறது, ராசா?" என்றாள் செங்கமலம்.

"சபையில் எல்லோருக்கும் சமமாகப் பங்கு போடு. அதுவும் கணக்குத்தானே!" என்றான் அரசன், இன்னும் சிரித்தபடி.