மாரப்பனின் வியாதி

"பரிசல்காரர் விஷயத்தில் இனி என்னால் ஆகாது அம்மா" என்றார் பொன்னுரங்கம்.

வைத்தியர் மரகதவல்லி அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் அவர்தான் குரு. கம்பவுண்டர் வேலையை விட்டுவிட்டு, பக்கவாதக்காரர்களை நடக்க வைக்கும் வித்தையைக் கற்க அவருடைய மலையடிவார வைத்திய விடுதிக்குப் பொன்னுரங்கம் வந்து ஒரு வருஷமாகிறது.

பரிசல் ஓட்டும் மாரப்பனும் பால் கறந்து விற்கும் செங்கம்மாளும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தவர்கள். ஒரே வியாதி, ஒரே எண்ணெய், ஒரே பயிற்சி. செங்கம்மாள் வாசல்வரை நடந்துவிட்டார். மாரப்பனோ, காலில் பலம் திரும்பியும் கட்டிலை விட்டு இறங்கமாட்டேன் என்கிறார். படம் போட்டு விளக்கியாயிற்று, அதட்டியும் பார்த்தாயிற்று.

"அவருக்கு என்ன வியாதி?" என்று கேட்டார் மரகதவல்லி.

"பக்கவாதம்."

"அது நாம் வைத்த பெயர். அவரைக் கேட்டீர்களா?"

பொன்னுரங்கம் கேட்டதில்லை.

மறுநாள் காலை கட்டிலருகே தரையில் உட்கார்ந்து கேட்டார். மாரப்பன் சுவரைப் பார்த்தபடி சொன்னார். அவருடைய அண்ணனுக்கும் இதே மாதிரி கைகால் விழுந்துவிட்டதாம். மூன்றாம் மாதம் கொஞ்சம் தேறியதும், யாரிடமும் சொல்லாமல் கோல் ஊன்றி ஆற்றுக்கு வந்திருக்கிறார். படித்துறையில் கால் இடறித் தண்ணீரில் விழுந்துவிட்டார்.

"நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நடு ஆத்துல. பரிசல்ல எட்டுப் பேரு. துடுப்புப் போட்டு வந்து சேர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

தன் காலைத் தொட்டுக் காட்டினார்.

"படுத்துக் கிடந்தா இது ஆளை விட்டுவைக்கும். நடந்தாத்தான் கொல்லும்."

நரம்பைப் பற்றிச் சொல்லப் பொன்னுரங்கம் வாயெடுத்தார். சொல்லவில்லை. அண்ணன் பெயரைக் கேட்டார். இருவரில் யார் நன்றாகத் துடுப்புப் போடுவார்கள் என்று கேட்டார். மாரப்பன் முதல்முறையாகச் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். அண்ணன்தானாம். சந்தேகமே இல்லையாம்.

வெயில் ஏறும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

பொன்னுரங்கம் எழுந்து கட்டிலை ஒட்டி நின்றார்.

"நான் இந்தக் கரையிலேயே இருக்கேன், அண்ணே."

மாரப்பன் இருவருக்கும் இடையிலிருந்த தரையைப் பார்த்தார். ஒரு சாண்கூட இல்லை.

"அங்கேயே நில்லு" என்று சொல்லிவிட்டு, காலைக் கீழே வைத்தார்.