குயிலியைக் கடித்த ஈ எது?

கோணம்பட்டிக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். அந்த ஊரில் இருந்த ஒரே கோளாறு அதுதான்.

மொக்கையன் கன்றிலிருந்து வளர்த்த பசு குயிலி. ஈ மொய்த்துக் கடித்ததில், நாலு லிட்டர் கறந்தவள் அரை லிட்டருக்கு இறங்கிவிட்டாள். "செவ்வாய்ச் சந்தைக்குள்ள பால் ஏறலேன்னா, வித்துருவேன்" என்றாள் பெண்டாட்டி பேச்சி. மொக்கையனுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை, ஈக்களை ஆராயும் டாக்டரம்மா ஒருவர் வந்தார்.

"இதுல ரெண்டு இனம் இருக்கு. அக்கா தங்கச்சி மாதிரி ஒண்ணுபோலத் தெரியும். ஒண்ணுக்கு இறக்கையில புள்ளி உண்டு, இன்னொண்ணுக்கு இல்லை. புள்ளியையும் முழுசா நம்ப முடியாது, மரபணுவைப் பார்த்தாத்தான் உறுதி. மாட்டைக் கடிக்கிற ஈயா இருபது பிடிச்சு வைங்க. மாட்டைக் கடிக்காதது ஒண்ணுகூட வேண்டாம். இனம் தெரிஞ்சதும் மருந்து தர்றேன்."

குப்பிகளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மச்சான் சீனிச்சாமி துண்டால் அடித்து நாற்பது ஈ வீழ்த்தினான். மொக்கையன் ஒவ்வொன்றாகக் குயிலியின் முதுகில் வைத்து அரைமணி நேரம் உற்றுப் பார்த்தான்.

"கடிக்குதா மாமா?"

"ம்ஹூம். எல்லாம் சாது."

நாற்பதையும் தூர எறிந்தார்கள்.

"உசுரோட இருக்கிறதுதான் கடிக்கும்போல" என்றான் பக்கத்துவீட்டு இருளாண்டி, ரொம்ப நேரம் யோசித்து.

"இருபது கடியைக் குயிலி தாங்குவாளா?" மொக்கையனுக்குக் கண் கலங்கியது. "முதல்ல நம்மளக் கடிக்கட்டும். நல்லாக் கடிக்கிறதா தேர்ந்தெடுத்து அவகிட்ட அனுப்புவோம்."

அதுதான் நியாயம் என்று மூவருக்கும் பட்டது. குயிலியைக் கொம்பு முதல் வால்வரை பேச்சியின் சேலைகளால் போர்த்திவிட்டு, சட்டையைக் கழற்றிச் சுற்றிலும் உட்கார்ந்தார்கள். ஈக்களுக்குக் கல்யாண விருந்து. கடித்ததையெல்லாம் குப்பியில் அடைத்தார்கள். ஆனால் சேலையை விலக்கி ஒன்றையாவது உள்ளே விட மொக்கையனுக்கு மனசு வரவில்லை.

திங்கட்கிழமை குயிலி நாலரை லிட்டர் கறந்தாள். சந்தைப் பேச்சையே பேச்சி எடுக்கவில்லை.

டாக்டரம்மா வந்து குப்பிகளைப் பார்த்தார். "அடடே! புள்ளி உள்ளதும் இருக்கு, இல்லாததும் இருக்கு!"

"அது பூராவும் எங்களைக் கடிச்சதும்மா" என்றான் மொக்கையன், பூசணிக்காயாய் வீங்கிய முகத்தைத் தொங்கப்போட்டு. "மாட்டைக் கடிச்சது ஒண்ணுகூட அகப்படல. நாளைக்குக் கண்டிப்பா பிடிச்சுத் தர்றோம்."

மறுநாள் டாக்டரம்மா வந்தபோது, சேலை கட்டிய குயிலி நிழலில் அசைபோட்டுக்கொண்டிருந்தாள். வெயிலில் மொக்கையன் நாலுகாலில் நின்றான். கழுத்தில் மாட்டுக்கயிறு, வாயில் வைக்கோல். இருபுறமும் மற்ற இருவர், திறந்த குப்பிகளோடு.

"ஐயா, என்ன இது?" என்று பதறினார் டாக்டரம்மா.

பதில் மொக்கையனின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் மாடு எங்கேயாவது பேசுமா? கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டு, "ம்மா..." என்றான்.