எண்ணெய்க் கிணற்றுக்கு வந்த பரிவட்டம்

தாழையூர் மகாராஜா வல்லாளபூபதி அன்றைக்குத் தன் தலையணை உறையைத் தானே துவைத்துத் தானே காயப்போட்டுக்கொண்டிருந்தார். ராஜா துவைக்கிற துணி எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

காரணம் ஒரு கிணறு. மூன்று மாதத்துக்கு முன்னால் உலகநாதன் என்பவன் தன் கத்தரித் தோட்டத்தில் கிணறு வெட்டினான். தண்ணீர் வரவில்லை, கறுப்பாக எண்ணெய் வந்தது. தோட்டம் போச்சே என்று அவன் தலையில் அடித்துக்கொள்ளும்போதே, கப்பல்கார வியாபாரி ஒருவன் மோப்பம் பிடித்து வந்துவிட்டான். "எண்ணெய் இறைக்க வருகிறவருக்கு நாளொன்றுக்கு ஒரு வெள்ளிக்காசு" என்று தண்டோரா போட்டான். அரண்மனையில் மாதம் முழுக்க முதுகு ஒடிந்தாலும் ஒரு வெள்ளிக்காசுதான். அப்புறம் கேட்க வேண்டுமா? சமையல்காரர் போனார், சலவைக்காரர் போனார், நாயனக்காரர் போனார். பட்டத்து யானையும் போயிற்று. அங்கே அதற்குத் தினம் ஒரு வண்டிக் கரும்பாம்.

இதையெல்லாம் ராஜா பொறுத்துக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து ஐந்தாம் நாள் மூத்த இளவரசி செண்பகவல்லிக்குக் கல்யாணம். ஏழு வருஷம் ஜாதகம் பார்த்துக் கிடைத்த முகூர்த்தம், விட்டால் அடுத்தது நாலு வருஷம் கழித்துத்தான். மாப்பிள்ளை ஊரிலிருந்து எண்ணூறு பேர் கிளம்பியாயிற்று. இங்கே அடுப்பு மூட்ட நாதியில்லை. பெண் அறையைத் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள்.

மருதையனைக் கூப்பிட ஆள் இல்லாததால் ராஜா மாடத்தில் நின்று தானே கூப்பிட்டார். சமயத்துக்குத் தகுந்த யோசனை சொல்வதற்கென்றே அந்தச் சபையில் சம்பளம் வாங்குகிறவன் மருதையன்.

"முகூர்த்தத்துக்குள் எல்லாரும் இங்கே இருக்க வேண்டும்," என்றார் ராஜா.

"வியாபாரி கொடுக்கிற கூலியை நாமும் கொடுத்தால் இன்றைக்கே வருவார்கள், மகாராஜா."

"கஜானாவைக் கவிழ்த்துத் தட்டினாலும் அவ்வளவு தேறாது."

"படையை அனுப்பிப் பிடித்து வரலாமே," என்றார் மந்திரி.

"படைதான் மந்திரியாரே, அங்கே பீப்பாய் உருட்டுகிறது," என்றான் மருதையன்.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "முடியாவிட்டால் உன் தலையை வாங்கிவிடுவேன்."

"யாரை வைத்து, மகாராஜா? தலை வெட்டுகிறவர் அங்கே பீப்பாய்க்கு மூடி அடிக்கிறார். நல்ல கை என்று பெயர் வாங்கிவிட்டார்."

"அப்படியானால் உன்னை வேலையை விட்டு நீக்கி எண்ணெய் இறைக்க அனுப்புவேன்."

"அதைத்தான் என் மனைவி மூன்று மாதமாகச் சாமியிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள்."

ராஜா தொப்பென்று உட்கார்ந்தார். "பயமுறுத்தக்கூட வழியில்லாமல் போச்சே மருதையா. குழந்தை முகத்தைப் பார்க்க முடியவில்லையடா."

அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கித் திரிந்தவன் மருதையன். கொஞ்ச நேரம் மோவாயைச் சொறிந்தான். "ஒரு மாலை, ஒரு தேங்காய், ஒரு பட்டுத்துணி கொடுங்கள். போதும்," என்றான்.

மறுநாள் காலை தாம்பாளத்தோடு கிணற்றடிக்குப் போனான். யாரையும் திரும்பி வா என்று கூப்பிடவில்லை.

"இந்தக் கிணற்றுக்கு மகாராஜா மரியாதை அனுப்பியிருக்கிறார். இங்கே முதல் மரியாதை யாருக்கோ, அவர் தலையில் இந்தப் பரிவட்டத்தைக் கட்டிவிட்டு வரச் சொன்னார். அந்த ஆளைக் கொஞ்சம் காட்டுங்கள், கட்டிவிட்டுப் போகிறேன்."

தாழையூர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோயில் திருவிழாவில் யார் தலையில் முதலில் பட்டுக் கட்டுவது என்ற சண்டையில் பதினோரு வருஷம் தேரை நடுத்தெருவில் நிற்கவைத்த ஊர் அது. தேருக்கடியில் கோழி குஞ்சு பொரித்தது.

"என் நிலம், என் கிணறு. எனக்கில்லாம யாருக்கு?" என்றான் உலகநாதன்.

"வெட்டினது நானு. நீ வரப்புல படுத்துத் தூங்கினே," என்றார் கிணறு வெட்டிய வீரப்பெருமாள்.

"எண்ணெய்னு கண்டுபிடிச்சது யாரு? முதல்ல வழுக்கி விழுந்தவன் நான்தானே," என்றார் சமையல்காரர் சாத்தப்பன்.

யானைக்குக் கட்ட வேண்டும் என்றும் ஒரு கட்சி கிளம்பியது. இறங்கின வாளி இறங்கினபடியே தொங்கியது. வியாபாரி ஓடி வந்து கூலியை இரட்டிப்பாக்கினான்.

"கூலி கிடக்கட்டும்யா. உலகநாதன் தலையில பட்டு ஏறின இடத்துல நான் வாளியைத் தொடுவேனா?" என்றார் வீரப்பெருமாள்.

"அந்தத் துணி என்ன விலை? ஆளுக்கொன்று வாங்கித் தருகிறேன்," என்றான் வியாபாரி.

கிணற்றடியில் வேலை செய்த நானூறு பேரும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "ஆளுக்கொண்ணு குடுத்தா அது எப்படிய்யா முதல் மரியாதை?"

மூன்று நாள் ஒரு பீப்பாய்கூட நகரவில்லை. மூன்றாம் நாள் மருதையன் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டான். "இது உங்களால் தீராது. மகாராஜாதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அவரோ கல்யாண வேலையாக இருக்கிறார். சபை கூடுவது கல்யாணத்துக்கு அப்புறம்தான்."

நானூறு பேரும் அவன் பின்னாலேயே அரண்மனைக்கு வந்தார்கள். சும்மா நின்றால் ராஜா கண்ணில் படுவது எப்படி? சாத்தப்பன் முதலில் கரண்டியைப் பிடித்தார். அவர் மட்டும் நல்ல பெயர் வாங்கிவிடுவாரோ என்று நாயனக்காரர் சீவாளியை எடுத்தார். சலவைக்காரர் ராஜாவின் தலையணை உறையைப் பார்த்துப் பதறிப்போய் இன்னொரு தடவை வெளுத்தார். பந்தல் எழுந்தது, பாயசம் கொதித்தது, கரும்பு நின்றுபோன யானையும் வந்து வாசலில் நின்றது. செண்பகவல்லி கழுத்தில் நல்ல நேரத்தில் தாலி ஏறியது.

அன்று சாயங்காலம் ராஜா மருதையனைக் கட்டிக்கொண்டார். "என்ன வேண்டும், கேள்."

"சாத்தப்பன் பன்னிரண்டு வருஷமாக ஒரே சம்பளம் வாங்குகிறார், மகாராஜா. அவர்கள் ஓடினதில் தப்பே இல்லை. எல்லாருக்கும் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்."

"கொடுத்தேன். சரி, வாசலில் நானூறு பேர் காத்திருக்கிறார்கள். பரிவட்டம் யாருக்கு? நீயே சொல், இப்போதே கட்டிவிடுகிறேன்."

மருதையன் பதறிப்போய்த் தாம்பாளத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"அவசரப்படாதீர்கள், மகாராஜா. சின்ன இளவரசிக்கு இன்னும் வரன் பார்க்கவில்லையே."

ராஜா சிரித்த சிரிப்பில் பந்தல்கால் ஆடியது. பட்டுத்துணியை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டார்.