பட்டியில் அடைத்த தமுக்கு

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில், அரசரின் பகல் தூக்கம் கெட்டதால் ஒரு சட்டம் பிறந்தது. ஊர்ச் சபைத் தேர்தலுக்காகத் தெருவெல்லாம் ஒரே தமுக்குச் சத்தம். எரிச்சலடைந்த அரசர் ஆணையிட்டார்:

"போட்டியிடுபவர் தமக்காகத் தமுக்கடிக்கலாம். மற்றவர் அடித்தால், அடிக்கச் சொன்னவரின் பெயரை முதலில் கூற வேண்டும்!"

மறுநாளே நால்வர் தமுக்கோடு கிளம்பினர். "மதகுக்காரர் சாத்தையா குளத்துத் தண்ணியைத் திருடி விக்கிறாராம்!" என்று கூவினர். சாத்தையாவை எதிர்த்து நின்றவன் அமைச்சர் அகோரமூர்த்தியின் மைத்துனன். அவனோ, "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று கைவிரித்தான்.

அமைச்சருக்கு அரசவை விகடகவி கொழுந்தையனைக் கண்டாலே ஆகாது. "அரசே, தமுக்கின் சொந்தக்காரரைக் கொழுந்தையனே கண்டுபிடிக்கட்டும். முடியாவிட்டால் அவைப் பக்கமே வரக்கூடாது" என்றார். அரசரும் தலையாட்டினார்.

'நாளைக்குக் குடத்தில் வாக்கு ஓலை போடும் நாள். இன்று கோட்டை விட்டால் சாத்தையாவுக்குப் பதவி போச்சு, எனக்குப் பிழைப்புப் போச்சு' என்று நினைத்தபடி கொழுந்தையன் தெருவுக்கு ஓடினான்.

"யாரப்பா உங்களை அடிக்கச் சொன்னது?"

"யாரோ சொன்னாங்க சாமி. உமக்கேன் அந்த வம்பு?"

"அப்படியா? சரி, நடங்க!" நால்வரையும் ஓட்டிக்கொண்டு போய் மாட்டுப் பட்டியில் அடைத்து, முன்னால் புல்லுக்கட்டும் போட்டான்.

"அடப்பாவி! நாங்க என்ன மாடா?"

"மாடாயிருந்தா சொந்தக்காரன் இந்நேரம் தேடி வந்திருப்பானே!"

சேதி கேட்டு அரசர் அவையோடு வந்து நின்றார். "இதென்ன கூத்து, கொழுந்தையா?"

"அரசே, சொந்தக்காரர் இல்லாத மாடு பட்டிக்கு வந்தால் அரண்மனைச் சொத்து. தமுக்குக்கும் அதுதானே வழக்கம்? இனி இவை தங்களுடையவை. இப்போதே 'சாத்தையா உத்தமர்' என்று அடிக்கச் சொல்கிறேன்."

அமைச்சர் முன்னால் பாய்ந்தார். "அதெப்படி? நான் பிடித்து வந்த ஆட்கள் சாத்தையாவுக்கு அடிப்பதா?" என்று கத்திவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"சொந்தக்காரர் வந்துவிட்டார், அரசே! பட்டியைத் திறக்கலாம்" என்றான் கொழுந்தையன். "அதே சேதியையே அடிக்கட்டும். சட்டப்படி பெயர் மட்டும் முதலில் வரட்டும்."

சற்று நேரத்தில் தெருவில் தமுக்கு முழங்கியது. "அமைச்சர் அகோரமூர்த்தி சொல்லச் சொன்னது! அவர் மைத்துனனை எதிர்த்து நிக்கிற சாத்தையா திருடராம்!" ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாள் குடம் நிறையச் சாத்தையாவின் ஓலைதான்.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்துத் தம் முத்துமாலையைக் கழற்றிக் கொழுந்தையனுக்கு அணிவித்தார். அவன் வீடு திரும்பும்போது முன்னால் ஒரு தமுக்கு போயிற்று: "கொழுந்தையன் சொல்லச் சொன்னது! இந்த மாலை அரசர் கொடுத்தது!"