நெட்டச்சிக்குக் கால் வந்த கதை

அந்தக் காலத்தில், செடிகள் தங்கள் குறைகளைத் தாங்களே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தபோது, எல்லா ரோஜாவும் தன் சொந்த வேரில்தான் நின்றது. இன்னொரு செடியின் வேரில் நிற்கலாம் என்று எந்த ரோஜாவுக்கும் தோன்றியதில்லை. மனிதர்களுக்கும் தோன்றியதில்லை.

கரடிப்பாறை மலையில் எல்லா வீட்டிலும் ரோஜாத் தோட்டம் இருந்தது. கடற்கரைப் பட்டணத்து வியாபாரி உடையப்பன் பொதிமாடுகளை ஓட்டிக்கொண்டு மலையேறி வந்து பூக்களைக் கொண்டுபோவார். பட்டணத்துக்கு மூன்று நாள் நடை. காலையில் மொட்டாகப் பறித்தது அன்று மாலையே விரிந்துவிடும். மறுநாள் கழுத்து தொங்கும். மூன்றாம் நாள் பட்டணத்தில் கூடையைத் திறந்தால் அடியில் இதழ்கள் ஒரு பக்கம், மேலே வெறும் காம்புகள் ஒரு பக்கம்.

ஒரு தை மாதம் உடையப்பன் வந்தார், ஆனால் மாட்டின் முதுகிலிருந்து கூடைகளை இறக்கவே இல்லை. ஊரார் கூடி நின்று காரணம் கேட்டார்கள். பட்டணத்துக் கல்யாண வீடுகளில் பூவை மொட்டாகக் கேட்கிறார்கள், தங்கள் வீட்டில் வைத்து அது விரிய வேண்டும் என்கிறார்கள், காம்பைக் கொண்டுபோய்க் கொடுத்து எத்தனை நாள் திட்டு வாங்குவது என்றார் அவர்.

"அடுத்த மலையில சாமந்தி இருக்குதுங்க. அது சொன்ன பேச்சு கேக்குது. உங்க ரோஜா பாதி வழியிலயே வாயைத் திறந்துடுது."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பாவாயி மட்டும் பேசவில்லை. அவளுக்கு முப்பது வயது. அதிகம் பேசமாட்டாள். கூட்டத்தில் எப்போதும் கடைசி ஆளாக நின்று, அவரவர் கை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் பேசினால், ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்றைச் சொல்வதுபோல இருக்கும்.

"ஏழாம் வருஷம் தையில வாங்க," என்றாள். "மூணு நாள் வாயைத் திறக்காத ரோஜா தர்றேன்."

உடையப்பன் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். வருகிறேன், ஆனால் அந்த ஒரு முறைதான் என்று சொல்லிவிட்டு மாடுகளைத் திருப்பினார்.

ஊரார் பாதித் தோட்டத்தைப் பிடுங்கிவிட்டுச் சாமை விதைத்தார்கள். மீதிப் பாதியைப் பாவாயியின் வார்த்தையை நம்பி விட்டுவைத்தார்கள். அது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டையும் கடந்து போகும்போது அந்த மீதிப் பாதி அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

அவளிடம் இரண்டு செடிகள் இருந்தன. ஒன்றுக்குக் காம்பு நீளம், இதழ் குறைவு. மற்றொன்றுக்கு இதழ் தடிப்பு, காம்பு குட்டை. இரண்டையும் சேர்த்தால் என்ன வரும் என்று பார்க்க நினைத்தாள். விரியப்போகும் மொட்டின் இதழ்களை விலக்கி, உள்ளேயிருந்த மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்தாள். மற்றதன் மகரந்தத்தைக் கவுதாரி இறகில் தொட்டுத் தடவினாள். வேறு மகரந்தம் வந்து சேராமலிருக்கப் பூவின் தலையில் துணி கட்டினாள்.

இதைப் பார்த்த தேனீ சும்மா இருக்குமா? துணியைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"பூவுக்கு முக்காடு போட்டிருக்கியே அம்மிணி, என்ன, என் வேலையை நீ எடுத்துக்கிட்டியா? அப்ப வா, வந்து தேனும் நீயே எடு."

"உன் வேலையை நீ நல்லாச் செஞ்சிருந்தா நான் ஏன் செய்யறேன்?" என்றாள் பாவாயி. தேனீ கோபித்துக்கொண்டு போனது. மறுநாள் எதுவும் நடக்காததுபோல வந்தது. இப்படி ஆறு ஆண்டுகள் இருவரும் சண்டை போட்டார்கள்.

பூ காயாகி, காய் பழுத்து மஞ்சளானதும் விதையெடுத்து விதைப்பாள். நூற்றுக்கணக்கில் நாற்று வரும். ஒவ்வொன்றும் முதல் பூ பூக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவாள். கழுத்து வளைந்தால் பிடுங்குவாள். இதழ் மெலிந்தால் பிடுங்குவாள். முள் அதிகமென்றால், நிறம் வெளுத்தால், முதல் நாளே விரிந்தால் பிடுங்குவாள். அவள் கை தயங்கியதே இல்லை.

ஏழாம் ஆண்டு ஆடியில் ஒரு நாற்று பூத்தது. முழங்கை நீளத்துக்கு நேரான காம்பு. நுனியில், கை மூடியதுபோல இறுக்கமான ஒரு சிவப்பு மொட்டு. பாவாயி அதை வெட்டிச் செம்புத் தண்ணீரில் வைத்தாள். முதல் நாள் அசையவில்லை. இரண்டாம் நாளும் அசையவில்லை. மூன்றாம் நாள் வெளியிதழ் ஒன்று மெல்ல விலகியது. ஆறாம் நாள்தான் முழுசாக விரிந்தது. அதுவரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஏழாம் நாள் ஊரே வந்து பார்த்தது.

அந்தச் செடிக்கு நெட்டச்சி என்று பேர் வைத்தாள். நெட்டச்சிக்குத் தன் உயரத்தில் பெருமை அதிகம். பக்கத்துச் செடிகளோடு பேசவே மாட்டாள். பட்டணம் எப்படி இருக்கும், கல்யாண வீட்டில் தன்னை எங்கே வைப்பார்கள் என்று பாவாயியிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஐப்பசி மழை பிடித்தது. நான்காம் நாள் நெட்டச்சியின் அடியிலை மஞ்சளானது. ஆறாம் நாள் நடு இலையும் மஞ்சளானது.

"அம்மா, தாகமா இருக்குது," என்றாள் நெட்டச்சி.

சுற்றிலும் தண்ணீர் தேங்கி நின்றது. பாவாயி தண்டில் ஒரு விரல் வைத்தாள். செடி அப்படியே சாய்ந்தது. கையால் மண்ணை விலக்கிப் பார்த்தாள். ஆள் உயரச் செடிக்கு அடியில், சீப்பில் சிக்கிய முடியளவுக்கு நாலைந்து வேர்கள். அவற்றிலும் பாதி கறுத்திருந்தன.

பாவாயி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏழு ஆண்டுகள், ஆயிரக்கணக்கான நாற்றுகள். கழுத்தைப் பார்த்தாள், இதழைப் பார்த்தாள், முள்ளை எண்ணினாள். ஒரு செடிக்குக்கூட மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. தேனீயும் பூவைத் தாண்டிக் கீழே பார்க்காது. இத்தனை காலம் தேனீயை ஏளனம் செய்துவிட்டு, தானும் தேனீயைப்போலவே மேலேயே சுற்றி வந்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

நெட்டச்சி இருந்ததோ ஒன்றே ஒன்று. போனால் போனதுதான். இன்னும் ஏழு ஆண்டுகளுக்கு உடையப்பன் பொறுக்கமாட்டார், ஊரும் பொறுக்காது.

எழுந்து தோட்டத்தைச் சுற்றி நடந்தாள். வேலியோரம் காட்டு ரோஜாக்கள் புதர்ப் புதராக நின்றன. ஊரார் அவற்றை வேலிக்காரி என்பார்கள். ஆடு நுழையாமலிருக்க வைத்த செடி. ஐந்தே இதழ் கொண்ட சின்ன வெள்ளைப் பூ, அதை யாரும் பறிப்பதில்லை. வெள்ளம் வேலியை உரசிக்கொண்டு ஓடியது. வேலிக்காரி ஓர் இலைகூட மஞ்சளாகாமல் நின்றாள். பாவாயி தண்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கைதான் கிழிந்தது.

அப்போது அவள் வேறொன்றையும் கவனித்தாள். வேலிக்காரியின் இரண்டு கிளைகள் காற்றில் ஒன்றோடொன்று உரசி, தோல் தேய்ந்த இடத்தில் ஒட்டி ஒரே கிளையாகியிருந்தன. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள்.

பிறகு நேராகக் கேட்டுவிட்டாள். "நெட்டச்சிக்கு உன் வேர் வேணும்."

வேலிக்காரி எப்படி என்று விசாரித்தாள். பாவாயி மறைக்காமல் சொன்னாள். உன் தோலைக் கீறி உள்ளே அவளுடைய கண் ஒன்றை, இலைக்காம்படியில் துளிர்விடக் காத்திருக்கும் முளையை, சொருகுவேன், அது ஒட்டிக்கொண்டால் அதற்கு மேலே உள்ள உன் தலையை வெட்டிவிடுவேன், இல்லையென்றால் உன் சத்து அவளுக்குப் போகாது என்றாள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த நெட்டச்சிக்குச் சாகிற நிலையிலும் பொறுக்கவில்லை. ஆடு கடிக்கிறவளின் காலில் நான் நிற்பதா என்றாள்.

"நில்லாட்டிப் போ," என்றாள் வேலிக்காரி. "மூணு நாள் கூடைக்குள்ள நிமிந்து இருப்பியாம். மூணு நாள் மழையில உன்னால நிக்க முடியல. உன் கழுத்தை யாரு கேட்டா?"



வேலிக்காரி பாவாயியின் பக்கம் திரும்பினாள். தலையை வெட்டுவதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆடுகள் எத்தனையோ முறை வெட்டியிருக்கின்றன, வேர் இருக்கிறவளுக்குத் தலை மறுபடி வரும் என்றாள். ஆனால் ஒன்று கேட்டாள்.

"நான் அடியிலிருந்து எழுந்து எழுந்து பாப்பேன் அம்மிணி. நீ கவனிச்சு வெட்டினா, செடி உன்னுது. நீ கவனிக்காம நான் பூத்துட்டா, அந்தச் செடி என்னுது. அப்புறம் கத்தியை எடுக்கக் கூடாது."

"சரி," என்றாள் பாவாயி.

நெட்டச்சியிடம் உயிருள்ள கண்கள் ஒன்பதுதான் இருந்தன. பாவாயி இலைக்காம்பின் அடியிலிருந்து ஒவ்வொன்றையும் தோலோடு நகமளவு சீவி எடுத்தாள். ஒன்பது வேலிக்காரிகளின் அடித்தண்டில் நெடுக ஒரு கோடும் அதன் தலையில் குறுக்காக ஒரு கோடும் கீறினாள். தோலை விரித்தபோது உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தது. கண்ணை உள்ளே இறக்கி, அது மட்டும் வெளியே தெரியும்படி வாழை நாரால் கட்டினாள். ஒன்பதாவது முடிச்சைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது நெட்டச்சி இருந்த இடத்தில் ஒரு காய்ந்த குச்சி சாய்ந்து கிடந்தது.

மூன்று வாரம் போனது. நான்கு கண்கள் கறுத்து உதிர்ந்தன. ஐந்து கண்கள் பச்சையாகவே இருந்தன. பாவாயி கத்தியை எடுத்துக்கொண்டு முதல் வேலிக்காரியின் முன் நின்றாள். வாழ்நாளில் முதல்முறையாக அவள் கை தயங்கியது.

"வெட்டு," என்றாள் வேலிக்காரி. "எனக்கு வேலை இருக்குது."

வெட்டினாள். எட்டாம் நாள் கண் உப்பி, சிவப்பாக ஒரு துளிர் தலைகாட்டியது. உள்ளேயிருந்து பழகிய குரல் கேட்டது.

"அம்மா, தாகமே இல்லை. இது யாரோட காலு?"

"உன்னோடதுதான்," என்றாள் பாவாயி. "பத்திரமா நில்லு."

தை மாதம் கடைசி வாரத்தில் உடையப்பன் வந்தபோது ஐந்து செடிகளிலும் சேர்த்துப் பதினோரு மொட்டுகள் இருந்தன. இவ்வளவுதானா என்று கேட்டார். இவ்வளவுதான் என்றாள் பாவாயி. வாங்கிக்கொண்டு போனார். ஏழாம் நாள் கூடை எதுவும் இல்லாமல், தனியாக, மூச்சிரைக்க மலையேறி வந்தார். பட்டணத்தில் கூடையைத் திறந்தபோது பதினொன்றும் வாயைத் திறக்காமல் அவரையே பார்த்தனவாம். அதைச் சொல்வதற்காகவே மூன்று நாள் நடந்து வந்திருந்தார்.

அடுத்த தையோடு சாமையை விட்டுவிடுவது என்று ஊரார் முடிவு செய்து, நெட்டச்சிக்காகப் பாவாயி வீட்டு வாசலில் நின்றார்கள். வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் அண்ணாந்து அண்ணாந்து பூவைப் பார்த்தார்கள். பாவாயியும் கூட நின்று காம்பைக் காட்டினாள், இதழைக் காட்டினாள், கழுத்து எப்படி நிமிர்ந்திருக்கிறது என்று காட்டினாள். கூச்சம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போய், பேசவும் பிடித்திருந்தது.

பங்குனியில் ஒருநாள் காலை தேனீ வந்து, அவள் காதருகே சுற்றிக்கொண்டு, இரண்டு செடியில் நல்ல தேன் இருக்கிறது, ரொம்ப நன்றி என்றது. நெட்டச்சியிடம் தேனீக்கு என்றைக்கும் தேன் கிடைத்ததில்லை.

பாவாயி ஓடினாள். ஐந்து செடிகளில் இரண்டின் அடியில், ஒட்டுக்குக் கீழேயிருந்து நீளமான புதுக் கிளைகள் கிளம்பியிருந்தன. நெட்டச்சிக்கு ஓர் இலைக்காம்பில் ஐந்து இலை. இவற்றுக்கு ஏழு. நுனியில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. மேலே நெட்டச்சி வாடிக் கருகி, பேசக்கூட முடியாமல் இருந்தாள். கத்தி பாவாயியின் கையில்தான் இருந்தது.

"பேச்சு பேச்சுதானே அம்மிணி," என்றாள் வேலிக்காரி. அதில் கோபம் இல்லை.

பாவாயி கத்தியை இடுப்பில் சொருகினாள். "பேச்சு பேச்சுதான். இது ரெண்டும் உன்னுது."

சொன்னபடியே விட்டாள். பிறகு மீதி மூன்று செடிகளின் முன்னால், வந்திருந்த அத்தனை பேரும் பார்க்க, மண்டியிட்டு உட்கார்ந்தாள். அடித்தண்டைச் சுற்றி விரலால் மண்ணை விலக்கினாள். மூன்றிலும் கடுகளவு துளிர்கள் எட்டிப் பார்த்தன. ஒவ்வொன்றாகக் கிள்ளினாள். எல்லாவற்றையும் முடித்த பிறகுதான் தலையை நிமிர்த்திப் பூவைப் பார்த்தாள்.

அந்த மூன்று செடிகளின் கண்கள்தான் மலை முழுவதும் போயின. ஆனால் கேட்டவருக்கெல்லாம் பாவாயி கொடுக்கவில்லை. வருகிறவர் தோட்டத்துக்குள் நுழைந்ததும் என்ன செய்கிறார் என்று ஓரமாக நின்று பார்ப்பாள். அண்ணாந்து பூவைப் பார்த்தால், இன்னொரு நாள் வாருங்கள் என்பாள். குனிந்து அடியைப் பார்த்தவருக்கு மட்டும் கண் சீவித் தரக் கத்தியை எடுப்பாள்.

அன்று முதல்தான் நீளக்காம்பு ரோஜாக்கள் காட்டு ரோஜாவின் வேரில் நிற்கின்றன. ஒட்டுக்குக் கீழேயிருந்து வேலிக்காரி இன்றைக்கும் எழுந்து எழுந்து பார்க்கிறாள். ரோஜாக்காரர்களும் காலையில் தோட்டத்துக்குள் கால் வைத்ததும், எவ்வளவு பெரிய பூ பூத்திருந்தாலும், முதலில் குனிகிறார்கள்.