காற்றில்லாமல் நடுங்கும் இலை

அந்தக் காலத்தில் மரங்களும் பறவைகளும் மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்தன. புளியமரம் சண்டைக்காரி. ஆலமரத்துக்கு வாய் ஓயாது. அரசமரம் மட்டும் பொறுமைக்குப் பேர்போனது. யாராவது கேட்டால்தான் பேசும், அதுவும் மெதுவாக. அதன் இலைகளும் அப்படித்தான். மற்ற மரங்களின் இலைகளைப் போலக் காற்று வந்தால் அசையும், காற்று நின்றால் நிற்கும்.

ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு துறைமுக ஊர் இருந்தது. அங்கே இருந்த புத்த விகாரையின் முற்றத்தில் ஓர் அரசமரம். பிக்குகளும் பிக்குணிகளும் காலையில் பிச்சை ஓடு ஏந்தித் தெருவில் நடப்பார்கள். வீட்டுக்கு ஒரு பிடி சோறு விழும். தாங்கள் உண்டது போக மிச்சத்தை மரத்தடியில் பசித்து வருகிறவர்களுக்குப் போடுவார்கள். பரிமாறுவது சுமனை என்ற பிக்குணி. அவர் வாங்குகிறவரின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. எந்தப் பிடி எந்த வீட்டுச் சோறு என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.

ஒரு வருஷம் கடல் ஊருக்குள் புகுந்தது. உப்பளங்கள் எல்லாம் கரைந்து போயின. உப்பு வாரிப் பிழைத்தவர்கள் கூட்டம் கூட்டமாக மரத்தடிக்கு வந்தார்கள். வீட்டுக்கு ஒரு பிடி என்பதை ஊரார் இரண்டு பிடியாக்கினார்கள். எப்படியோ சமாளித்தார்கள்.

அப்போதுதான் பெருஞ்சாத்தன் என்ற வணிகனின் கப்பல்கள் நெல்லோடு கரை சேர்ந்தன. அவன் விகாரைக்கு வந்து மூத்த துறவியான நாகசிரித் தேரரை வணங்கினான்.

"அடிகளே, துறவிகள் எதற்காகத் தெருத் தெருவாக அலைய வேண்டும்? உங்களுக்கும் ஏழைகளுக்கும் சேர்த்து நானே சோறு போடுகிறேன்."

தேரர் மகிழ்ந்து போய்ச் சம்மதித்தார். "அதான் சாத்தனார் போடுகிறாரே" என்று ஊராரும் பிடி சோறு எடுத்து வைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பிறகு மரத்தடியில் ஒரு மேடை வந்தது. மேடைமேல் சாத்தனுக்கு ஆசனம் வந்தது. முரசு வந்தது. சோறு வாங்குகிறவர்கள் முதலில் அவன் காலைத் தொட்டு, "பெருஞ்சாத்தனார் வாழ்க!" என்று கூவ வேண்டும் என்றார்கள். குரல் எழும்பாதவர்களை வரிசையின் கடைசிக்கு அனுப்பினார்கள். பசித்தவனுக்கு எங்கிருந்து குரல் எழும்பும்?

சுமனை தேரரிடம் போனார். "அடிகளே, இது தானமா?"

"பொறுமையாக இரு. கோபம் நெருப்பு. சோறு கிடைக்கிறதே, அதைப் பார்."

மரத்தில் கூடு கட்டியிருந்த காகத்துக்கும் ஆத்திரம். "அரசு அண்ணா, உன் நிழலில்தானே இத்தனையும் நடக்கிறது! நீ ஒரு வார்த்தை சொன்னால் ஊரே கேட்குமே."

"என்னை யாரும் கேட்கவில்லையே" என்றது அரசமரம். "பொறுப்போம்."

ஒருநாள் வேற்றூர் வணிகர்கள் சாத்தனின் அறத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. அண்டா அண்டாவாகச் சோறு வெந்து ஆவி பறந்தது. ஆனால் யாருக்கும் போடவில்லை. விருந்தாளிகள் வரும்போது வரிசை நீளமாக இருக்க வேண்டுமாம். வெயில் ஏறிக்கொண்டே போனது.

வரிசையில் அலரி என்ற உப்பளக்காரி நின்றிருந்தாள். அவள் தோளில் காய்ச்சலோடு அவள் மகள் துவண்டு கிடந்தாள். அலரி வரிசையை விட்டு மேடைக்கு வந்தாள்.

"ஐயா, எனக்கு வேண்டாம். பிள்ளைக்கு ஒரு வாய் கஞ்சித் தண்ணி மட்டும் கொடுங்கள்."

"இன்னும் கொஞ்ச நேரம்தான். வரிசையைக் கலைக்காதே" என்றான் சாத்தன். பிறகு குழந்தையைப் பார்த்துவிட்டு அலரியிடம், "நீ முன்னால் வந்து நில். வருகிறவர்கள் பார்க்கட்டும்" என்றான்.

அலரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இத்தனை வருஷமாக உங்கள் சோற்றில் விழுந்த உப்பு என் கை வாரியது. என்னை வாழ்த்து என்று நான் உங்களைக் கேட்டேனா?"

காவலர்கள் அவளைப் பிடித்துத் தள்ளினார்கள். அவள் அரசமரத்தைப் பார்த்துக் கத்தினாள்: "நீ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதானே நிற்கிறாய்? இப்போது நான் கேட்கிறேன், சொல்லு!"

மரம் தயங்கியது. தேரரைப் பார்த்தது. தேரர் கண்ணை மூடியிருந்தார். "பொறு, அம்மா" என்றது மரம்.

சுமனை அண்டாவை நோக்கிப் போனார். காவலர்கள் கோலை நீட்டி மறித்தார்கள். அவர் திரும்பித் தெருவை நோக்கி ஓடினார். துறவி ஓடக் கூடாது. ஆனாலும் ஓடினார். முதல் இரண்டு வீடுகளில் அடுப்பே மூட்டவில்லை, சாத்தனார் விருந்து இருக்கிறதே என்று. மூன்றாவது வீட்டில் கொஞ்சம் கஞ்சி கிடைத்தது. சிந்தாமல் ஓட்டில் ஏந்திக்கொண்டு திரும்பி வந்தார்.

அலரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை மடியில் கிடந்தது. அதன் வாய் லேசாகத் திறந்திருந்தது. சுமனை ஒரு துளிக் கஞ்சியை உதட்டில் விட்டார். அது உள்ளே இறங்கவில்லை, கன்னத்தில் வழிந்தது.

அந்த நேரத்தில்தான் முரசு அதிர்ந்தது. விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்.

"அதை அந்தப் பக்கம் கொண்டுபோங்கள்" என்று சாத்தன் பணியாளர்களிடம் முணுமுணுத்தான். பிறகு சிரித்த முகத்தோடு மேடையில் எழுந்து நின்றான்.

"அரசே! பொய் சொல்லாத மரம் என்று உனக்குப் பெயர். இவர்கள் எதிரில் சொல், என்னைப் போல் கொடுத்தவன் இந்த ஊரில் உண்டா?"

மரம் பேச வாயெடுத்தது. அத்தனை நாளும் அடக்கி வைத்த கோபம் வேரிலிருந்து குபீரென்று ஏறியது. சொல்ல வேண்டியது அவ்வளவு இருந்தது. ஆனால் சொல்ல வேண்டிய நேரம் போய்விட்டிருந்தது. ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. அடிமரம் விம்மியது, கிளைகள் விறைத்தன, இலைகள் எல்லாம் வெடவெடவென்று நடுங்கின. காற்று இல்லை. மேடையில் கட்டியிருந்த கொடி கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது. அரசமரம் மட்டும் இலை இலையாக நடுங்கியது. அந்த ஓசையில் முரசு கேட்கவில்லை.

சுமனை ஓட்டிலிருந்த கஞ்சியை வரிசையில் நின்ற மற்றக் குழந்தைகளுக்கு ஊட்டினார். ஓடு காலியானதும் சாத்தன் எதிரில் வந்து அதைக் கவிழ்த்துப் பிடித்தார்.

"இனி உன் சோறு இதில் விழாது."

"நான் கொடுத்தேனே!" என்று கத்தினான் சாத்தன்.

"நீ கொடுக்கவில்லை. விற்றாய். இவர்களுடைய மானத்தை விலையாக வாங்கிக்கொண்டு விற்றாய்."

நாகசிரித் தேரர் தள்ளாடியபடி எழுந்து வந்தார். அலரியின் எதிரில் மண்டியிட்டார். "என் பொறுமைக்கு உன் பிள்ளையைப் பலி கொடுத்துவிட்டேன், தாயே" என்றார். அவள் மன்னிக்கவில்லை. தேரர் எழுந்து தம் ஓட்டையும் கவிழ்த்தார். ஒவ்வொரு துறவியும் கவிழ்த்தார்கள். ஊரார் மேடையைப் பிய்த்து எறிந்துவிட்டு, அண்டாக்களை இறக்கித் தங்கள் கையாலேயே பரிமாறினார்கள். மறுநாளிலிருந்து வீட்டுக்கு வீடு மறுபடியும் பிடி சோறு எடுத்து வைத்தார்கள்.

சாத்தன் திருந்தினானா என்றால், இல்லை. கப்பலேறி வேறொரு துறைமுகத்துக்குப் போனான். அங்கேயும் பந்தல் போட்டு முரசு கட்டினான். ஆனால் காகம் அதற்கு முன்பே அரசம்பழங்களைத் தின்றுவிட்டு ஊர் ஊராகப் பறந்து போய், போன இடமெல்லாம் விதைத்திருந்தது, அங்கங்கே இருந்த அரசமரங்களிடம் நடந்ததைச் சொல்லியும் இருந்தது. முரசில் முதல் அடி விழுவதற்குள் அந்த ஊர் அரசமரம் நடுங்கத் தொடங்கிவிட்டது.

மற்ற மரங்களெல்லாம் அசையாமல் நிற்கும் உச்சி வெயிலிலும் அரசிலை ஓயாமல் படபடப்பது அன்று முதல்தான். இன்றைக்கும் ஒரு சோற்றுப் பொட்டலத்தை நீட்டி, பசித்தவனின் மோவாயை நிமிர்த்தி, "இங்கே பார்" என்று படம் பிடிக்கிறார்களே, பக்கத்தில் ஓர் அரசமரம் இருந்தால் அதைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள், அது குளிரில் நடுங்கவில்லை.