வெந்நீருக்குப் போன உத்தரவு

இளஞ்சிங்கராயருக்கு ஓர் ஆசை. தம் நாட்டில் ஒரு மதகு திறப்பதானாலும் தாம் சொல்லித்தான் திறக்க வேண்டும். ஏரி எங்கோ, அரண்மனை எங்கோ. மழை பெய்தால் அங்கிருந்து ஆள் ஓடி வருவான். ராயர் யோசிப்பார், சாப்பிடுவார், மறுபடி யோசிப்பார். அப்புறம் உத்தரவு கிளம்பும். அது போய்ச் சேரும்போது ஏரிக்கரையில் வெயில் அடிக்கும். உத்தரவு மட்டும் நனைந்திருக்கும்.

இந்தத் தடவை கரை விரிசல் விடுவதைப் பார்த்த மதகுக்காரன் சடைமுனி, எதற்கும் காத்திராமல் திறந்துவிட்டான். ஊர் பிழைத்தது. அவனை அரண்மனைக்கு இழுத்து வந்தார்கள்.

“யாரைக் கேட்டுத் திறந்தான்? நாளைக் காலை ஏரிக்கரைக்கே கொண்டுபோய் அவன் கையை வெட்டுங்கள்” என்றார் ராயர்.

அரண்மனை மேற்பார்வை பார்க்கும் சிற்றம்பலம் சடைமுனியின் கையைப் பார்த்தார். ஊரைக் காப்பாற்றிய கை அது. ஆனால் நேராக நியாயம் பேசினால் தன் கையும் சேர்ந்து போகும்.

“அப்படியே மகாராஜா. உத்தரவில்லாமல் எதையும் செய்யக் கூடாது என்ற சட்டம் அரண்மனைக்கும்தானே?”

“எல்லோருக்கும்தான்.”

மறுநாள் காலை ராயர் எண்ணெய் தேய்த்துக் குளிக்க உட்கார்ந்தார். முகம் மறைய முண்டாசு கட்டிய ஒருவன் வெந்நீர் ஊற்றினான்.

“சுடுகிறது. விளாவு.”

அவன் பாட்டுக்கு ஊற்றினான்.

“உத்தரவு முத்திரை வாங்கப் போயிருக்கிறது மகாராஜா,” என்றார் சிற்றம்பலம் பணிவாக. “ஆள் ஓடுகிறான்.”

ராயர் நெளிந்தார், துள்ளினார். வெந்நீர் தீர்ந்து, காற்றில் உடம்பு சில்லிட்டு, நடுக்கம் கண்ட பிறகுதான் முத்திரையோடு ஆள் வந்தான். உடனே முண்டாசுக்காரன் ஒரு குடம் பச்சைத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தான்.

“மூடனே, உனக்குக் கண் இல்லையா? நான் நடுங்குவது தெரியவில்லையா?”

“கண் இருக்கிறது மகாராஜா,” என்றார் சிற்றம்பலம். “கண்ணால் பார்த்துக் கையை அசைத்தவனுக்குக் கை போகிறது என்று தெரிந்ததிலிருந்து இங்கே யாரும் எதையும் பார்ப்பதில்லை.”

பற்கள் கடகடவென்று அடித்துக்கொள்ள ராயர் வெளியே வெயிலைப் பார்த்தார். பதறினார்.

“ஐயோ, விடிந்துவிட்டதே. மன்னித்தேன் என்று ஏரிக்கரைக்கு ஆளை ஓட்டுங்கள்.”

“தங்கள் மன்னிப்பின் வேகம் எனக்குத் தெரியாதா? அது போய்ச் சேரும்போது கை இருக்காது. அதனால் கையையே இங்கே நிறுத்திக்கொண்டேன்.”

முண்டாசுக்காரன் முண்டாசை அவிழ்த்துக் கும்பிட்டான். சடைமுனிதான்.

ராயர் விழுந்து விழுந்து சிரித்தார். “இனி மதகுக்காரர்கள் கண்ணால் பார்த்துத் திறக்கட்டும், எனக்கு அப்புறம் சொன்னால் போதும். சிற்றம்பலத்துக்கு ஒரு பட்டுச் சால்வை.”

சால்வைக்கான உத்தரவு அன்றே கிளம்பியது. சிற்றம்பலம் இன்னும் காத்திருக்கிறார்.